மூன்று முயல்களும் ஒரு நிலுவைக் கோப்பும்

சோதனைக்குப் பயன்பட்ட விலங்கு நலமாக இருந்தால் அதற்கு மறுவாழ்வு தர வேண்டும். கொல்வது கடைசி வழி. விதி இதுதான். அடையாற்றில் ஒரு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மாட்டியவரைத் தவிர யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அரசுப் பணி ஓய்வுக்குப் பின் அந்தக் கூடத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவில் நான் வெளி உறுப்பினர். அவ்வப்போது ஒரு கூட்டம், இரண்டு போண்டா, நிறையக் கையெழுத்து.

அங்கே மூன்று முயல்கள் இருந்தன. ஊசி மருந்தை முயலுக்குச் செலுத்தி, காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் மருந்தில் அசுத்தம். பயந்தாலும் முயலின் உடம்பு சுடும் என்பதால், அதைப் பயப்படாமல் வைத்திருப்பதே பெரிய வேலை. அதைச் செய்தவர் கூண்டறையைப் பார்த்துக்கொண்ட அம்மா. ஆற்றோரக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே அரசுக் குடியிருப்பின் எட்டாவது மாடிக்கு மாற்றப்பட்டவர்; இரண்டு பஸ் மாறி வருவார். தெர்மாமீட்டர் வைத்தபடியே முயலிடம் முந்தைய நாள் சீரியல் கதையைச் சொல்வார்.

பிறகு மனித ரத்த செல்களை வைத்தே இதைச் சோதிக்கும் முறை வந்தது. முயல்களுக்கு வேலை போயிற்று. புது மேலாளருக்கு அந்த அறையில் ஃப்ரீசர் வைக்க வேண்டும். முயல்களைக் கருணைக்கொலை செய்ய ஒப்புதல் கேட்டு எங்கள் குழுவுக்குக் கடிதம் எழுதினார்.

“இதுங்களுக்கு இன்னா நோவு சார்? நல்லாத்தான துன்னுகினு கீது,” என்றார் அந்த அம்மா. “ரிட்டயர் ஆனா ஊசி போட்ருவாங்கன்னா, நீ எப்டி சார் இன்னும் சுத்திகினு கீற?”

பணிக்காலத்தில் இப்படிப்பட்ட கடிதங்களில் நான் படிக்காமலே கையெழுத்திட்டதுண்டு.

சுவரிலிருந்த விதியை மேலாளருக்குக் காட்டினேன். “பார்க்கலாம் சார்” என்றார். அவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்ததால், யாரும் மாட்டிவைக்காத இன்னொரு விதியை எடுத்தேன். எங்கள் குழு டெல்லி மேலிடத்தில் விளக்கம் கேட்டிருந்தால், பதில் வரும்வரை விலங்கைத் தொடக் கூடாது. முயல்களை வீட்டுக்குக் கொடுக்கலாமா என்று குழுவின் பெயரில் டெல்லிக்கு எழுதினோம். மேலிடத்தின் வேகம் எனக்குத் தெரியும். முப்பது வருஷம் நானே மேலிடம்.

கூட்டத்துக்குக் கூட்டம் மேலாளர் கேட்பார்: “ரிமைண்டர் அனுப்பலாமா சார்?”

“தாராளமா,” என்பேன். கூடவே புதிதாக ஒரு சந்தேகத்தையும் இணைப்பேன். கோப்பு மறுபடி முதல் மேஜைக்குப் போகும். ஃப்ரீசர் பிளாஸ்டிக் உறையோடு வராந்தாவில் நின்றது.

ஆனால் பதில் ‘கூடாது’ என்று வந்தால் அன்றைக்கே ஊசிதான். ‘தரலாம்’ என்று வந்தாலும் வீடு வேண்டுமே. எட்டாவது மாடியில் இடமில்லை; குழு உறுப்பினர் என்பதால் நான் வாங்கக் கூடாது. மயிலாப்பூரில் தெரிந்த பாட்டு டீச்சரிடம் கேட்டேன்.

“எங்காத்துக் கொல்லைல எடம் இருக்கு, கொண்டாங்கோ. ஆனா கிளாஸ் நடக்கறச்சே கத்திண்டு இருக்கப்படாது.”

முயல் கத்தாது என்று எழுதிக் கொடுத்தேன். அதன் நகலையும் டெல்லிக்கு அனுப்பினேன்.

கடைசியில் டெல்லியிலிருந்து பதில் உறை வந்தது. நான் பிரிப்பதற்குள் அந்த அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார்.

“இங்கிலீஷ்லாம் வோணாம் சார். உசுரா, ஊசியா? அத்த மட்டும் சொல்லு.”

இரண்டாம் பத்தி வரை படித்துவிட்டு, “உசுரு” என்றேன். உறையின் மேல் வரவு முத்திரை குத்தினேன்: பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பிற்பகல்.