மொட்டை மாடியில் ஜெனரல் பாடி

கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்து லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். அங்கே சண்டை என்றால் வாசலில் நின்று வாய் வலிக்கக் கத்துவோம். சாயங்காலம் அதே வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் சர்க்கரை கேட்போம். பெங்களூரில், ஜோகுபாளையத்தில் நாங்கள் வீடு வாங்கிய அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் யாரும் சண்டை போட மாட்டார்கள். நோட்டீஸ் ஒட்டுவார்கள். 'மாடியிலிருந்து ஈரத் துணி பிழியும் நபர் கவனத்திற்கு' என்று ஒரு நோட்டீஸ். அதைப் பார்த்துவிட்டு, 'மற்றவர் துணியைக் கவனிக்கும் நபர் கவனத்திற்கு' என்று பக்கத்திலேயே இன்னொன்று. எல்லாம் படித்த ஜென்மங்கள். நேரில் பார்த்தால் பல்லைக் காட்டி குட் மார்னிங் சொல்லும்.

தொண்ணூறுகளின் நடுவில் அங்கே குடி போனோம். தரைத்தளத்தில் எங்கள் வீடு, அதற்கு மேல் நான்கு மாடி. குடி போன வருஷமே என்னை அசோசியேஷன் செக்ரட்டரி ஆக்கிவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரர்தான் பிரசிடென்ட். அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட ஷூ போட்டிருப்பார். "மேடம் பேங்க்ல வேலை பார்க்கறாங்க, அவங்களே பொறுப்பா பார்த்துப்பாங்க" என்று அவர் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்காகத் தட்டினார்கள் என்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். "தலைவலி போச்சுன்னு தட்டியிருப்பாங்க" என்றார் அவர். மனிதர் எப்போதாவதுதான் வாயைத் திறப்பார், திறந்தால் இப்படித்தான்.

செக்ரட்டரி வேலை என்றால் என்ன? தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் பிடிப்பது, மோட்டார் ரிப்பேர், சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன வாட்ச்மேனுக்குப் பதிலாக அடுத்தவனைத் தேடுவது, நவம்பரில் கன்னடக் கொடி ஏற்றுவது. இதையெல்லாம் ஒரு வருஷம் செய்த பிறகு, வருடாந்திர ஜெனரல் பாடி கூட்டத்தில் நின்றுகொண்டு, ஒன்றும் செய்யாதவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது. கூட்டம் எப்போதும் பின்பக்கத்துக் கார் ஷெட்டில் நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலி, மைசூர் பாகு, மிக்சர், காபி. மிக்சர் காரம் போதவில்லை என்பதும் கூட்டத்தில் ஒரு விவாதப் பொருள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாதிப் பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பது சங்கத்து விதி. வராவிட்டால் அரை மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். அதற்குப் பிறகு எத்தனை பேர் இருக்கிறார்களோ அவர்களே போதும், அவர்கள் எடுப்பதே முடிவு. இந்த விதியைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து ஒருத்தரும் நேரத்துக்கு வந்ததில்லை. பிரசிடென்ட்டே வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, அரை மணி கழித்து ஷூ சத்தத்தோடு வருவார். நாலு பேரை வைத்துக்கொண்டு, தனக்கு வேண்டியதையெல்லாம் தீர்மானமாக நிறைவேற்றிவிடுவார். அவர் வீட்டு ஜன்னலுக்கு நேரே யாரும் வண்டி நிறுத்தக் கூடாது என்ற தீர்மானம் அப்படி வந்ததுதான். கேட்டால், "ரூல் இஸ் ரூல் மேடம்" என்பார்.

இந்த லட்சணத்தில் ஒரு வருஷம் லிஃப்ட் நின்றுபோனது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, சின்ன ரிப்பேரெல்லாம் இனி நிற்காது, மேலே இருக்கிற மோட்டாரையும் கயிறையும் மொத்தமாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டான். நான்காவது மாடியில் ஒரு டீச்சர் தனியாக இருந்தார். காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தது. ஏதோ ஏறுவார், ஆனால் நாலு மாடி இறங்கவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஆட்டோவில் காக்ஸ் டவுன் சர்ச்சுக்குப் போகிறவர், லிஃப்ட் நின்ற நாளிலிருந்து பால்கனியில் நின்று ரோட்டைப் பார்ப்பதோடு சரி. பாலையும் காய்கறியையும் கூடையில் வைத்துக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டார்.

அவருடைய மகன் சந்தாபுராவில் வீடு கட்டியிருந்தான். வரும்போதெல்லாம், வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்று நச்சரித்தான். ஒரு நாள் நான் மருந்து கொண்டுபோய்க் கொடுத்தபோது டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வீடு என் பி.எஃப். காசுமா. ஒவ்வொரு செங்கல்லும் என்னுது. அங்க போனா மருமக குடுக்கற நேரத்துக்குத்தான் காபி. லிஃப்டை மட்டும் ஓட வெச்சுடு, நான் இங்கயே இருந்து இங்கயே கண்ணை மூடறேன்" என்றார். அவர் அழவில்லை.

அந்த வருஷத்து ஜெனரல் பாடியில் லிஃப்ட் விஷயத்தை எடுத்தேன். எல்லா வீடும் சமமாகப் பணம் போட்டால்தான் முடியும். பிரசிடென்ட் எழுந்து, பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "நான் தரைத்தளம் மேடம். லிஃப்ட்ல நான் எங்க போகப் போறேன்? யாருக்குத் தேவையோ அவங்க செஞ்சுக்கட்டும்."

உடனே முதல் மாடிக்காரர், "படி ஏறுனா உடம்புக்கு நல்லது சார்" என்றார். இந்த ஆள் அல்சூர் ஏரியைச் சுற்றி வாக்கிங் போவதற்கே ஸ்கூட்டரில் போகிறவர்! இரண்டாம் மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கென்று புதிதாக வந்திருந்தவர்கள், "எங்களுக்கு ஓகே, எல்லாரும் என்ன சொல்றாங்களோ அதுவே" என்றார்கள். முதுகெலும்பை ஊரிலேயே விட்டுவிட்டு வந்த கூட்டம்.

"டீச்சர் எப்படி சார் கீழ வருவாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க மீட்டிங்குக்கே வரலியே மேடம். அவங்களுக்கே இன்ட்ரஸ்ட் இல்லன்னுதானே அர்த்தம்?"

லிஃப்ட் இல்லாததால் வர முடியாதவர், லிஃப்ட் வேண்டும் என்று சொல்ல வரவில்லையாம். நேரில் வந்து கை தூக்கினால்தான் ஓட்டு என்பதும் விதி. இதைச் சொல்லிவிட்டு பிரசிடென்ட் ஒரு மைசூர் பாகு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டையே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். லிஃப்ட் அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்து விதிப் புத்தகத்தைப் பிரித்தேன். அவசரம் என்றால் செக்ரட்டரி விசேஷக் கூட்டம் கூட்டலாம் என்று இருந்தது. எங்கே கூட்டுவது என்பதும் செக்ரட்டரி பொறுப்பு. கார் ஷெட்டில்தான் நடத்த வேண்டும் என்று எங்கேயும் இல்லை. என் கணவரிடம் சொன்னேன். பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். "நாம தரைத்தளம். ஞாபகம் இருக்கா?" என்றார். "இருக்கு" என்றேன். பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார். மறுநாள் நானும் நோட்டீஸ் ஒட்டினேன். ஞாயிறு மாலை, விசேஷக் கூட்டம், இடம் மொட்டை மாடி.

டீச்சர் வீட்டிலிருந்து மொட்டை மாடிக்கு ஒரே மாடிப்படி. கைப்பிடியை ஒரு கையாலும் என் தோளை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் "இயேசப்பா" என்று சொல்லி ஏறினார். சர்ச்சுக்குக் கட்டும் வெள்ளைப் புடவை, கையில் கைப்பை. மேல் மாடிகளிலிருந்து சிலர் வந்தார்கள். விதிப்படி கூட்டத்தை அரை மணி தள்ளி வைத்தேன்.

கீழே இருந்தவர்கள் வழக்கம்போல அரை மணியை வீட்டிலேயே கழித்துவிட்டு, சாவகாசமாகக் கிளம்பினார்கள். கார் ஷெட்டுக்கு நடப்பதும் மொட்டை மாடிக்கு ஏறுவதும் ஒன்றில்லை என்பது அவர்கள் புத்திக்கு எட்டவில்லை. உடம்புக்கு நல்லது என்றவர் முதல் மாடியிலிருந்து கிளம்பவே இல்லை. பிரசிடென்ட் இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேன் ஓடி வந்தான். "மேடம், சார் ஸ்வல்ப வெயிட் பண்ணச் சொன்னாரு. இல்லாட்டி மீட்டிங்க கீழ கொண்டு வரணுமாம்."

"ரூல் இஸ் ரூல்னு சொல்லு" என்றேன். அரை மணி முடிந்திருந்தது. எல்லா வீடும் சமமாகப் போட்டு லிஃப்டை மாற்றுவது என்று தீர்மானம். முதல் கை டீச்சருடையது. பிரசிடென்ட் மேலே வந்து சேர்ந்தபோது நாங்கள் மிக்சர் தின்றுகொண்டிருந்தோம். முகமெல்லாம் வியர்வை. "இது சதி மேடம்" என்றார். மைசூர் பாகுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். எடுத்துக்கொண்டார்!

புது லிஃப்ட் வந்தது. அடுத்த ஞாயிறு டீச்சர் அதில் இறங்கி வந்து, என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஆட்டோ ஏறினார். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. புது லிஃப்டை அதிகம் பயன்படுத்தியது யார் என்று கேளுங்கள். சாட்சாத் பிரசிடென்ட்தான். தினமும் ஜாங்கிரி மாதிரி சுருட்டிய ஹோஸ் பைப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் புதிதாக வைத்த ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போவார். அப்போதும் ஷூ.

கதை இதோடு முடிந்திருந்தால், அந்தக் கட்டடத்தில் ஒருத்தராவது மனுஷி என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

எங்கள் சந்தில் ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுவிட்டுப் போவார்கள். ரோடு உயர உயர எங்கள் வாசல் பள்ளமானது. ஒரு கோடை மழையில் கேட் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து, எங்கள் ஹாலில் செருப்புகள் மிதந்தன. வாசலை மேடாக்கி, சுற்றிலும் வடிகால் வெட்ட வேண்டும். அந்த வருஷத்து ஜெனரல் பாடியில், பழையபடி கார் ஷெட்டில், அதை முன்வைத்தேன். இந்த முறை பிரசிடென்ட் என் பக்கம். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று குழைந்தார். கேட்கவே கூசியது.

டீச்சர் லிஃப்டில் இறங்கி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் விளக்கிச் சொன்னேன். இந்தக் கட்டடத்திலேயே பள்ளமான இடம் லிஃப்டுக்குக் கீழே இருக்கும் குழிதான். பெரிய மழை வந்தால் தண்ணீர் அங்கேதான் முதலில் இறங்கும், லிஃப்ட் கெட்டுப்போகும் என்று மெக்கானிக் சொன்னதையும் சொன்னேன். மேல் மாடிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

டீச்சர் கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு சொன்னார்: "நீயும் கீழ் வீடுதானேமா. அதான் லிஃப்டையும் இதுல இழுக்கறே. நாலாவது மாடிக்குத் தண்ணி வரப் போகுதா? யாருக்குத் தேவையோ அவங்க செஞ்சுக்கட்டும்."

அதே வார்த்தை. பிரசிடென்ட்கூட அப்படிச் சொல்லும்போது ஒரு தரம் பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். இவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் முதல் கை அவருடையதுதான், மொட்டை மாடியில் தூக்கிய அதே கை. தீர்மானம் தோற்றது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வடிகால் போனதற்காக அழவில்லை.

ஐப்பசி மழை அந்த வருஷம் விட்டு விட்டுக் கொட்டியது. ஒரு மத்தியானம் சந்து முழுக்க ஆறு மாதிரி ஓடி எங்கள் கேட்டுக்குள் திரும்பியது. லிஃப்ட் குழி நிரம்பி, மின்சாரப் பெட்டி வரைக்கும் நனைந்து, மேலே போய்க்கொண்டிருந்த லிஃப்ட் பாதியில் நின்றது. உள்ளே ஹோஸ் பைப்போடு பிரசிடென்ட். மழையில் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாரா என்று கேட்காதீர்கள். தொட்டிகளை நனையாமல் நகர்த்தி வைக்கப் போனாராம். ஃபயர் சர்வீஸ் வந்து இறக்கியது.

மெக்கானிக் வந்தான், உதட்டைப் பிதுக்கினான், போனான். புது லிஃப்டுக்குப் பதிலாக இன்னொரு புது லிஃப்ட் போட யாரும் தயாராக இல்லை. டீச்சர் மறுபடி கூடையில் கயிறு கட்டினார். மாதங்கள் போயின. மகன் ஒரு நாள் வேன் கொண்டுவந்துவிட்டான்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் இறக்கினார்கள். ஜெனரல் பாடிக்கு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியின் ஒரு காலை மகன் பிடித்தான், ஒரு காலைப் பிரசிடென்ட், மற்ற இரண்டையும் வாட்ச்மேனும் என் கணவரும். வெள்ளைப் புடவை, மடியில் கைப்பை. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து, குட் மார்னிங் சொல்லி, மூடிக்கொண்டது. நான் கீழே நின்றிருந்தேன். எத்தனை கோபம் வைத்திருந்தேன்! அவர் என்னைப் பார்த்து வாய் திறந்தால் பதிலுக்கு என்னென்ன சொல்வது என்று எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன்.

நாற்காலியை என் முன்னால் இறக்கி வைத்துவிட்டு ஆண்கள் மூச்சு வாங்கினார்கள். டீச்சர் என் கையைப் பிடித்தார். "வீட்டை விட்டுட்டுப் போறேன்மா" என்றார். பிறகு லிஃப்ட் கதவைப் பார்த்தார். "என்ன செய்ய? எல்லாம் கடவுள் சித்தம்."

கடவுள் சித்தமாம். கடவுளுக்கு எங்கள் அசோசியேஷனில் ஓட்டு கிடையாது. அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. வேனில் ஏற்றிவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கார் ஷெட்டில் அடுக்கினேன்.

அடுத்த வாரம் கேட்டில் ஒரு போர்டு தொங்கியது. நாலாவது மாடி வீடு விற்பனைக்கு, லிஃப்ட் வசதி உண்டு. பார்க்க வந்தவர் என் கதவைத் தட்டி, லிஃப்ட் ஓடுமா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

"அசோசியேஷன் விஷயம் எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க சார்" என்றார் பிரசிடென்ட், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே.