வெறுங்காலோடு ஏறச் சொன்னது நான்தான்

என் கலியாணம் நின்றுபோன செய்தி கிடைத்தபோது நான் தென் அமெரிக்காவில் எக்குவடோர் நாட்டில், அந்தீஸ் மலைக்குள்ளே ஒரு சின்ன ஊரின் பொலிஸ் நிலையத்தில், மரவாங்கில் குந்தியிருந்தேன். 2014ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். நான் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆண்டவரில் அன்பான உறவுகளே, அந்த வாங்கில் இருந்து அவர் என்னை எப்படித் தூக்கி எடுத்தார் என்று நான் முன்பும் சொல்லி உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கு முழுவதையும் சொல்லப்போகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் டெனிஸ். பத்து வயதில் மன்னாரில் இருந்து இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்தவன். லிபெர்த்தா வீதியில் ஒரு சின்யோரா அம்மாவின் வீட்டில் வேலை. அந்த ஒக்டோபரில் எனக்கும் ஜெனிக்கும் கலியாணம் என்று கோயிலில் எழுதியாகிவிட்டது. ஓகஸ்டில் சின்யோரா கடற்கரை வீட்டுக்குப் போய்விடுவார், எனக்கு லீவு. அவருடைய மகன் மலை மலையாக அலைகிறவர். தன் பழைய முதுகுப்பை இரண்டைத் தந்து, "எக்குவடோருக்குப் போ, உங்கள் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா தேவையில்லை" என்றார். குடும்பக்காரன் ஆக முதல் ஒருதரம் உலகத்தைப் பார்ப்போம் என்று எனக்கும் ஆசை வந்தது. துணைக்கு ஜெனியின் அண்ணன் ரெக்ஸன் வந்தான். என் மச்சான். சனியனைக் கூப்பிட்டுத் தோளில் ஏற்றினது நான்தான்.

அவன் பலெர்மோவுக்கு வந்து மூன்று வருடம். இத்தாலியன் பாஷையே நாலு சொல்லுத்தான் தெரியும். என் இத்தாலியனை ஸ்பானியம் பேசுகிற அங்கத்தைய சனம் பாதியாவது விளங்கிக்கொள்ளும். ஆகவே நான் வாய் திறந்தால்தான் அவனுக்குச் சோறு. ஆனாலும் ஆட்டம் எல்லாம் அவனுடையது. ஒரு சந்தையில் கிழவி ஒருத்தியின் தொப்பியைப் பறித்துப் போட்டுக்கொண்டு பைலா ஆடினான். சுமை தூக்குகிற ஒரு லாமா மிருகத்தின் மூஞ்சிக்கு நேரே போய் இளித்தான், அது அவன் வாய்க்குள்ளேயே துப்பியது. பஸ் நின்ற இடத்தில் ஒதுங்கப் போனவனை விட்டுவிட்டு பஸ் வெளிக்கிட, கால்சட்டையைப் பிடித்தபடி வளைவு வளைவாக ஓடிவந்தான். அதுவரைக்கும் நானும் வயிறு நோகச் சிரித்தேன்.

பிறகுதான் வெந்நீர் ஊற்று உள்ள அந்த ஊர். தங்கின விடுதியில் பட்டப்பகலில் குடித்துப்போட்டு, முதுகுப்பையோடு மேசையில் ஏறி ஆடி, சுழன்று, முன்கதவுக் கண்ணாடியைப் பையால் இடித்துத் தூளாக்கினான். பொலிஸ் வந்தது. மச்சான் கையை நீட்டி என்னைக் காட்டினான். எங்கள் இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிப் பை. முதலாளியும் தலையாட்டிவிட்டார்.

அது கூடக் காரியமில்லை. நான் உள்ளே இருக்கும்போது, இவன் பலெர்மோவுக்குப் போன் எடுத்து, மாப்பிள்ளை குடித்துவிட்டுக் கதவை உடைத்துப் பொலிசில் இருக்கிறார் என்று தகப்பனுக்குச் சொல்லியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் மாமாவின் போன் வந்தது.

"தம்பி, குடிகாரனுக்குக் குடுக்க நான் பிள்ளை வளர்க்கேல்லை. நீர் இனி எங்கட வீட்டுப் பக்கம் வரத் தேவையில்லை."

ஜெனிக்கு எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. எனக்கு உலகம் இருண்டுபோனது.

உடைந்த கண்ணாடியை நானே கூட்டி அள்ளிக் கொடுத்த பிறகு என்னை விட்டார்கள். வெளியில் வந்தால் மச்சான் நிற்கிறான்!

"கோவிக்காதையடா. குடிக்கமாட்டன் எண்டு சுவாமியாருக்கு முன்னால சத்தியம் பண்ணினனான். அப்பா அறிஞ்சா என்னை வெட்டிப் போடுவார். நீ மாப்பிளைதானே, உன்னைக் கொஞ்ச நாளில மன்னிச்சுப் போடுவினம்."

எனக்குப் பல்லுக் கடித்தது. இப்போது சொல்லும்போதும் கடிக்கிறது. நேரே அந்த ஊர்க் கோயிலுக்குப் போய் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். "தாயே, இவனை என் காலடியில் விழப் பண்ணும். இவன் வாயாலேயே உண்மை வரவேண்டும். அதைப் பார்த்துத்தான் நான் வீடு போவேன்" என்று கேட்டேன். நியாயம் கேட்கிற மாதிரி இல்லை, கறுவிக்கொண்டு கேட்டேன். இதுவரை எல்லாரும் அறிந்த கதை.

இனி வருவதை நான் எந்தச் செபக்கூட்டத்திலும் சொன்னதில்லை.

செப்டம்பரில் எங்கள் ஆட்கள் பலெர்மோ மலைக் கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறுவது உங்களுக்குத் தெரியும். மச்சான் அதில் பெரிய வீரன். ஒருவருடமும் தவறவிட்டதில்லை என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்வான். அந்த ஊருக்குக் கிட்ட ஒரு பனிமலை இருந்தது. வாகனம் பாதி மலைக்கு மேலேயே கொண்டுபோய் விடும், பிறகு மேலே உள்ள தங்குமடத்துக்கு நடக்கவேண்டும். அன்றிரவு கோபத்தை ஒளித்துக்கொண்டு நான் அவனைச் சீண்டினேன்.

"ஏன்டா, பலெர்மோவில வெறுங்காலோட ஏறுற வீரனுக்கு இஞ்சை சப்பாத்துக் கேக்குதோ?"

"ஆருக்கு? நான் ஏறுவன்!"

"வெறும் வயித்தோட?"

"ஓம், வெறும் வயித்தோடதான். நேர்த்தி எண்டா நேர்த்தி."

எங்கள் மலை அறுநூறு மீற்றர். அது ஐயாயிரத்துக்குக் கிட்ட. அவனுக்கு மலை என்றால் மலை. அந்த உயரத்தில் மூச்சுக்குக் காற்றுக் காணாது என்று எனக்குத் தெரியும். சின்யோராவின் மகன் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: மெல்ல ஏறு, சாப்பிடு, நிறையத் தண்ணீர் குடி, தலை சுற்றினால் உடனே இறங்கு என்று. அதில் ஒரு சொல்லும் நான் மச்சானுக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் மட்டும் ஒளித்து இரண்டு பாண் சாப்பிட்டேன்.

அவன் கறுப்புச் சரளைக் கல்லில், பனிக்கட்டியில், செபமாலையோடு வெறுங்காலால் ஏறினான். நான் சப்பாத்தோடு பின்னால் போய் போனில் படம் பிடித்தேன். பாதி வழியில் அவன் உதடு நீலமாகிவிட்டது. கதை குழறியது. திரும்பி என்னைப் பார்த்தான், வெறும் பித்தமாகச் சத்தி எடுத்தான், அப்படியே மடிந்து என் சப்பாத்தில் முகம் படும்படி விழுந்தான். கேட்டது கேட்டபடி கிடைத்தது.

நான் சிரித்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அவன் எழும்பவில்லை. "அம்மா" என்றான், பிறகு அந்தச் சத்தமும் இல்லை. தூக்கிப் பார்த்தேன், எனக்கே மூச்சு இல்லை. வாகனக்காரன் கீழே எறும்பளவு தெரிந்தான். கத்தினால் காற்று வாங்கிக்கொண்டு போய்விட்டது. அந்தப் பனியில் நான் குளறி அழுதேன். "ஆண்டவரே, கேட்டது காணும், போதும். திருப்பி எடும். கலியாணமும் வேண்டாம், மானமும் வேண்டாம். இவனைத் தாரும்."

அந்தச் செபம் முடியவில்லை, மேலிருந்து மணிச் சத்தம் கேட்டது. தங்குமடத்துக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற ஒரு மனுசி, வெறுமையான கோவேறு கழுதையோடு இறங்கி வந்தாள். வழக்கமாகப் பின்னேரம்தானாம் இறங்குவாள். அன்றைக்கு ஏனோ வெள்ளென வெளிக்கிட்டாளாம். அவன் காலைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினாள். பாதி விளங்கவில்லை, விளங்கின பாதியே காணும். தன் சால்வையைக் கிழித்து அவன் காலைச் சுற்றினாள். அரிசி மூட்டையைப் போல அவனைக் கழுதையில் குறுக்கே போட்டுக் கீழே கொண்டுவந்தோம். இறங்க இறங்க அவனுக்கு உயிர் வந்தது.

வைத்தியசாலையில் கண் விழித்தவன் முதலில் போனைத்தான் கேட்டான்.

"அப்பா, கதவை உடைச்சது நான். குடிச்சதும் நான். டெனிஸ்தான் என்ரை உயிரைக் காப்பாத்தினவன்."

ஒக்டோபரில் கலியாணம் நடந்தது. மாமா எல்லாருக்கும் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். மருமகன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார்கள். நானும் ஐந்து வருடமாக அந்தப் பெயரோடு நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

இந்தச் செப்டம்பரில் மலை ஏறும்போது மச்சான் என் மகளைத் தோளில் வைத்திருந்தான். அந்தப் பனியில் மரத்துப்போன இரண்டு கால்விரலிலும் இன்னும் அவனுக்கு உணர்வில்லை. இரண்டுதரம் குந்தி இருந்து காலைத் தேய்த்தான். ஆனாலும் பிள்ளையை என்னிடம் தரவில்லை. அன்றைக்குத்தான் இதைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

உறவுகளே, ஆண்டவர் கேட்கிறவர். நம்புங்கள். கோபத்தோடு போனாலும் அவர் கதவைச் சாத்தமாட்டார். ஆனால் யாருக்காவது கெடுதல் கேட்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து அந்த இடத்திலேயே எழும்பி வீட்டுக்குப் போங்கள். அவர் கொடுத்துவிட்டால் உங்களால் தாங்க ஏலாது.

ரெக்ஸன், மூன்றாவது வாங்கில் இருக்கிறாய். நான் உன் உயிரைக் காப்பாற்றவில்லை. தெரிந்துகொண்டே உன்னை மேலே கூட்டிப்போனவன் நான். கூட்டம் முடிய வாசலில் நிற்பேன். என்னை அடி, நான் திருப்பிக் கை தூக்கமாட்டேன்.

ஜெனியும் இதை இப்போதுதான் கேட்கிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறாள். எனக்காகச் செபியுங்கள்.