முத்துக்குமாருவின் நூறு பஸ்கி

மலாயாவில், பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டத்தில் அப்போதுதான் ரப்பர் மரங்கள் பாலுக்கு வந்திருந்தன. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் முத்துக்குமாரு குந்தி எழும்பிப் பஸ்கி எடுத்து முடிக்கிற நேரமும், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடுகிற நேரமும் ஒன்று. கிராணியாரின் மூச்சிரைப்பு கேட்டால் மணி அடிக்கத் தேவையில்லை என்று கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் கேலி செய்வார்கள். நூறு பஸ்கி, ஐம்பது தண்டால், அதற்குப் பிறகே கோப்பி.

காரணம் ரயில். கெடாவுக்குள் பாதை போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சுங்கைப்பட்டாணியில் ரயில்வே குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டு, எழுத்துப் பரீட்சையிலும் தேறிவிட்டார். டாக்டர் உடம்பைப் பார்ப்பதுதான் மிச்சம். தொந்தி வைத்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று கேள்வி. முத்துக்குமாருவுக்கும் தொந்தி இருந்தது.

சாப்பாட்டுப் பொறுப்பை மனைவி பராசக்தி எடுத்துக்கொண்டாள். பருப்பு வாயு, மீன் மந்தம் என்று இரண்டையும் நிறுத்தினாள். யாழ்ப்பாணத்தில் அவள் பிறந்த வீட்டில் புழுங்கலரிசிதான். இங்கேயோ அது தோட்டத்தார் லயத்து ஆட்களுக்கு அளந்து கொடுக்கிற அரிசி. கிராணியார் வீட்டு உலையில் அந்த வாசம் வரலாமா? அவள் வாங்கியது, தீட்டித் தீட்டி வெளுத்த சியாம் பச்சையரிசி. அதையும் நாலு தண்ணீரில் கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டு, இரண்டு அகப்பை சோற்றில் ரசம் ஊற்றிக் கொடுப்பாள்.

மூன்றாம் மாதம் தொந்தி கரைந்தது. நாலாம் மாதம் கால் மரத்தது.

"இஞ்சேர், செருப்பு எங்கை கழண்டதெண்டே எனக்குத் தெரியேல்லை," என்று சிரித்தார் முத்துக்குமாரு. "உடம்பு சோம்பிப் போச்சு. உதுக்கு நூறு காணாது."

மறுநாளே நூற்றிருபது எடுத்தார்.

சட்டி பானை தேய்க்க லயத்திலிருந்து வருகிறவள் மருதம்மாள். ஒருநாள் கஞ்சி கால்வாயில் போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கெராணியம்மா, ஐயா கால இழுத்து நடக்குறாரே, பாத்தீங்களா?"

"விடியவிடியக் குந்தி எழும்பிக் கசரத்து எடுக்கிறவர். கால் நோகாதே பின்னை?"

"நோவு இல்லம்மா. மரவள்ளித் தோட்டத்துச் சீனவுங்க இப்படித்தான் காலு மரத்து, வீங்கிச் சாவுறாங்க. அவுங்க திங்கிறதும் இந்த வெள்ளரிசிதான். எங்க லயத்துல ஒருத்தருக்கும் வரல. ஒரு மாசம் எங்க அரிசியப் போட்டுப் பாருங்க. அந்தக் கஞ்சியவாச்சும் கொட்டாதீங்க."

"உங்கடை அரிசி நாறும்."

"நாத்தம் மூக்குக்குத்தாம்மா. காலுக்கு என்னா?"

"கிராணியாரைக் கூலியாளாக்கப் பாக்கிறியோ? வாயை வைச்சுக்கொண்டு சட்டியைத் தேய்."

அன்று மாலை கணவனின் கெண்டைக்காலுக்கு எண்ணெய் தடவினாள் பராசக்தி. பெருவிரல் அழுந்திய இடத்தில் குழி விழுந்தது. முப்பது எண்ணும்வரை அது நிரம்பவில்லை. மருதம்மாள் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் டாக்டர் பார்க்க இன்னும் பதினேழு நாள்தான். இப்போது சாப்பாட்டை மாற்றினால் கரைந்த தொந்தி திரும்பி வந்துவிடும். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கடைசி வாரத்தில் நூற்றிருபது நாற்பதாகி, அதுவும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பத்தானது. அதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

சுங்கைப்பட்டாணியில் வெள்ளைக்கார டாக்டர் அவருடைய நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே தட்டினார், கால் துள்ளவில்லை. குந்தி எழும்பச் சொன்னார். முத்துக்குமாரு குந்தினார். எழும்ப முடியவில்லை. கையை நிலத்தில் ஊன்றிப் பார்த்தும் முடியவில்லை. இரண்டு பேர் வந்து தூக்கினார்கள்.

"என்ன அரிசி சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார் டாக்டர்.

"முதல் தரம், வெள்ளையரிசி," என்றார் முத்துக்குமாரு, நிமிர்ந்து.

உத்தியோகம் வேறொருவருக்குப் போனது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸர் தர்மலிங்கம், தவிடு போகத் தீட்டின அரிசியால் வந்த பெரிபெரி இது என்று சொல்லி, தவிட்டுக் கஞ்சி, பச்சைப்பயறு, புழுங்கற்சோறு என்று கட்டளை போட்டார். பத்து நாளில் வீக்கம் வற்றியது. நரம்பு அப்படியல்ல, அது மெதுவாகத்தான் வரும், முழுதாக வராமலும் போகும். முத்துக்குமாருவின் பாதம் தொங்கியே நின்றது. ஊன்றுகோலோடுதான் கணக்கெழுதக் கந்தோருக்குப் போனார். பஸ்கியை விட்டார். ரயில் பேச்சையும் விட்டார்.

ஒருநாள் பயற்றுக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இஞ்சேர் சக்தி, இத்தனை பேர் இருக்கிற தோட்டத்திலை, அரிசியிலைதான் இந்தக் கால் வருத்தமெண்டு ஒருத்தருக்கும் முன்னமே தெரியேல்லையோ?"

கொல்லைப்புறத்தில் மருதம்மாள் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது.

"ஆருக்குத் தெரியும்?" என்றாள் பராசக்தி. "ஆறுறதுக்கு முதல் சாப்பிடுங்கோ."

சிறிது நேரம் கழித்துத் தேய்க்கிற சத்தம் மறுபடி கேட்டது. மருதம்மாள் அதைப்பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் பராசக்தியும் நினைத்தாள். அதற்குப் பிறகு முத்துக்குமாரு பத்தொன்பது வருஷம் உயிரோடு இருந்தார். மூன்று வேளையும் அவளே பரிமாறினாள். சொல்லவில்லை.