மஞ்சள் பொடியும் சிவப்பு வளையமும்

கல்லூரியில் லேப் அசிஸ்டெண்டாக இருப்பவளுக்கு விஞ்ஞானம் தெரியும் என்று நினைப்பது, பஸ் கண்டக்டருக்கு இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரியும் என்று நினைப்பதைப் போன்றது. எடுத்துக் கொடுப்பது, திரும்ப வாங்கி வைப்பது, உடைத்தவனைத் திட்டுவது, இவ்வளவுதான் எங்கள் வேலை.

இன்ஜினீயரிங் முதல் வருடத்தில் மாட்டி மீண்டு வந்தவர்களுக்கு நான் சொல்லும் பொடி ஞாபகம் இருக்கும். கண்ணாடித் தகட்டில் இளமஞ்சள் பொடியைத் தூவி, இருட்டறையில் லேசர் ஒளியை அதன் வழியே விட்டால் எதிரே உள்ள திரையில் சிவப்பு வளையங்கள் விழும். வளையத்தை அளந்து, பொடியின் ஒரு துகள் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட வேண்டும். பொடியின் பெயர் லைகோபோடியம். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. தெரியாமலேயே தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நிம்மதியாகக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன், செல்வி வரும்வரை.

என்ன பொடி இது?

செல்விக்கு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். சென்னையில் வேலைக்கு ஆர்டர் வாங்கியாயிற்று. ஆனால் முதல் வருட இயற்பியல் செய்முறைத் தேர்வு மட்டும் அரியராக நின்றது. முதல் தடவை அம்மை போட்டிருந்தது. இரண்டாம் தடவை இந்தப் பொடியைத் தூவி முடித்ததும் ஒரு தும்மல் போட்டாள். தகடும் போயிற்று, தேர்வும் போயிற்று. அரியரோடு வந்தால் வேலை இல்லை என்று கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் கூலி நடவுக்குப் போய்ப் படிக்க வைத்த பெண். மாலையில் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து பழகுவாள். பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒருநாள், "இது என்ன பொடிக்கா?" என்றாள். வழக்கம்போல, "கெமிக்கல்" என்றேன். அவள் விடவில்லை. போனில் தேடினாள். தரையோடு ஊர்ந்து படரும் ஒரு செடியாம். பூவும் கிடையாது, விதையும் கிடையாது. உலகத்தில் பாதி மலைகளில் அது இருக்கிறதாம். விதைக்குப் பதிலாக அது உதிர்க்கும் தூள்தான் இந்தப் பொடியாம். மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கவும், கைரேகை எடுக்கவும்கூட இதைத் தூவியிருக்கிறார்களாம். படித்து முடித்தவள் மாஸ்க்கைக் கீழே இழுத்துக்கொண்டு சொன்னாள்: "கெமிக்கல்னு பயந்து மூச்ச அடக்கிக்கிட்டு நின்னேனேக்கா, இது வெறும் தழைக்கா!"

சாயங்கால வாயு

என் வீட்டுக்காரருக்கு நாலு மணியானால் வயிறு உப்பிக்கொள்ளும். ஹோமியோபதி டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் கொடுத்த சர்க்கரை உருண்டைக் குப்பியின் லேபிளைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. லைகோபோடியம்! நாங்கள் லேசர் அடிக்கும் அதே ஆசாமி.

டாக்டரிடம் விவரம் கேட்டேன். அந்தத் தூளை அரைத்து அரைத்து, கலக்கிக் கலக்கி, தூளே தெரியாத அளவுக்குக் கரைத்துவிடுவார்கள் என்றார். வயிற்றுக்கு அது கேட்குமா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. வீட்டுக்காரர் கேட்டது வேறு கேள்வி: "லேப்ல ஒரு டப்பா நிறைய வச்சிருக்கீங்க, அதுல ஒரு துளிகூட இல்லாததுக்கா என்னை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே?"

தூண் பிளக்கும் காட்சி

எங்கள் ஊரில் வருடா வருடம் நாடகம் உண்டு. தூணைப் பிளந்துகொண்டு சாமி வெளிப்படும்போது பந்தத்தில் குங்கிலியத் தூளை வீசுவார்கள், தீ ஆளுயரம் எழும்பும். நாடகத்துக்காரர் எனக்குச் சித்தப்பா முறை. லைகோபோடியத்தையும் அந்தக் காலத்து மேடைகளில் தீக்குப் பயன்படுத்தினார்கள் என்று நான் வாய் சும்மா இல்லாமல் சொல்லப்போக, மறுநாளே கல்லூரி வாசலில் வந்து நின்றுவிட்டார்.

எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். எங்கள் பேராசிரியரைப் பக்கத்தில் நிற்கவைத்து, மணல் வாளியும் எடுத்து வைத்தபிறகு, ஒரு சிட்டிகையைச் சுடர்மேல் ஊதினோம். 'புஸ்' என்று ஒரு பெரிய மஞ்சள் பந்து எழும்பி, அடுத்த நொடி காணாமல் போனது. புகை இல்லை. பேராசிரியர் மூன்றடி பின்னால் போயிருந்தார். சித்தப்பா முகத்தில் மட்டும் திருப்தியில்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தீ நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா வாசமே இல்லியே, சாமி வந்த மாதிரியே தெரியலம்மா."

கொடைக்கானல்

தொழிற்சாலையைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கொடைக்கானலுக்குப் போவது எங்கள் கல்லூரியின் நெடுநாள் மரபு. பெண் பிள்ளைகளுக்குத் துணையாக நானும் போனேன். தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. செல்வி ஏரியையும் பார்க்கவில்லை, குதிரையையும் பார்க்கவில்லை. பாதை வெட்டிய மண்சரிவுகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். திடீரென்று, "அக்கா!" என்று கத்தினாள்.

கயிறுபோல ஒரு தண்டு தரையைப் பிடித்துக்கொண்டே ஓடியிருந்தது. அங்கங்கே அணில் வால் மாதிரிக் கிளைகள். நுனியில் ஜோடி ஜோடியாக வெளிர்மஞ்சள் கதிர்கள். செல்வி சுண்டினாள். லேசாக ஒரு மஞ்சள் புகை எழுந்து என் சேலையில் படிந்தது. சமவெளியில் பிறந்து, வயலைத் தவிர வேறு பச்சை அதிகம் அறியாத எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் டப்பாவில் பார்த்தவரின் வீட்டுக்கே வந்துவிட்டோம்! பக்கத்தில் பூங்கொத்துக் கட்டிக்கொண்டிருந்த கடைக்காரரிடம் இதன் பெருமையெல்லாம் சொன்னேன். அவர் தன் காலடியில் கிடந்த ஒரு கட்டைக் காட்டினார். எல்லாம் அதே செடி. "இதுங்களா? சீக்கிரம் வாடாதுங்க. பூவுக்கு நடுவுல சந்து அடைக்க வச்சுக்குவோம்."

ஃபேன்

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, முதல் வருடப் பையன் ஒருவன் இருந்த ஒரே பொடிக் குப்பியை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு ஃபேனைப் போட்டான். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சுவர், திரை, என் தலை என்று எங்கும் மஞ்சள். குப்பியில் மட்டும் ஒன்றுமில்லை. சப்ளையருக்குப் போன் செய்தால், வர ஒரு வாரம் ஆகும் என்றார். அரியர் ஆட்களுக்கு ஒதுக்கியிருந்ததோ இதே சோதனை. செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். நான் அந்தப் பையனைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அவன் சொன்ன பதிலை எழுதலாம்: "புழுக்கமா இருந்துச்சுங்க மேடம்."

மாவுக்குப் பக்கத்து பாட்டில்

மறுநாள் செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பொடிதானே வேண்டும்? முகப்பவுடரைத் தூவிப் பார்த்தோம். மஞ்சள்தூள், விபூதி, பச்சரிசி மாவு எல்லாம் பார்த்தோம். திரையில் சிவப்பாக ஒரு கலங்கல் விழுந்ததே தவிர, ஒரு வளையம்கூட இல்லை. இன்னும் நைசாகச் சலிக்க வேண்டும் என்றேன் நான். செல்வி யோசித்துவிட்டு, "நைஸ் முக்கியமில்லக்கா, எல்லாத் துகளும் ஒரே அளவா இருக்கணும். மாவுல பெரிசும் சின்னதும் கலந்து கிடக்கு" என்றாள். ஒரே அளவாகத் தூள் செய்வது மனிதக் கையால் ஆகாது, செடிதான் செய்ய வேண்டும்.

அவள் வகுப்பில் பாஸ்கர் என்று ஒரு பையன். அப்பா பட்டுக்கோட்டையில் ஒட்டுத் தென்னங்கன்று பண்ணை வைத்திருக்கிறார். ஒரு மரத்தின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு மரத்துப் பாளையில் தூவுவது அவர் தொழில். தேர்வுக்கு முதல்நாள் காலை பாஸ்கர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். கையில் ஒரு சின்ன பாட்டில், உள்ளே மஞ்சள் தூள். தூவினோம், விளக்கை அணைத்தோம். திரையில் சின்னதாக, மங்கலாக, ஆனால் வளையம்! நான் கைதட்டிவிட்டேன். பாஸ்கர் மட்டும் பதற்றமாகவே இருந்தான்: "மிச்சத்தைக் குடுத்துருங்கக்கா, ஃப்ரிட்ஜுல தோசைமாவுக்குப் பக்கத்துல இது இல்லன்னா எங்கப்பா என்னைத் தேடுவாரு."

புத்தகத்தில் இல்லாத விடை

நம்மில் பலருக்குத் தெரிந்த ஒரு ரகசியம் உண்டு. இந்தச் சோதனையின் விடை புத்தகத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தகுந்த அளவுகளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வருவார்கள். வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் விடையைப் பார்த்து டிக் போட்டுவிட்டுப் போவார். பொடி மாறிய விஷயத்தைப் பேராசிரியர் காலையிலேயே அவரிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். இருந்தாலும், "புத்தகத்து விடையையே போட்டுடு, வம்பு வேண்டாம்" என்று நான் செல்வியின் காதில் சொன்னேன். தலையை ஆட்டினாள். ஆனால் செய்யவில்லை. தேர்வாளர் பேப்பரைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார்.

"ஏம்மா, புக்ல இருக்கறதைவிட ரெண்டு மடங்கு வருது?"

"அது லைகோபோடியத்தோட அளவு சார். இது தென்னை. துகள் பெரிசு, அதான் வளையம் சிறுத்துடுச்சு." செல்வியின் சென்னை வேலை கண்ணெதிரே போய்க்கொண்டிருப்பதாகவே எனக்குப் பட்டது. அவர் எழுந்தார், விளக்கை அணைத்தார், ஸ்கேலைக் கேட்டு வாங்கி வளையத்தைத் தானே அளந்தார். இன்னொரு தடவையும் அளந்தார். விளக்கைப் போட்டபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. "எத்தனையோ காலேஜுக்கு எக்ஸாமினரா போயிருக்கேம்மா. இந்தச் சோதனையை நிஜமாவே செஞ்சு பாத்து விடை எழுதின முதல் ஆளு நீதான்."

செல்வி தேறிச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள், புதுக் குப்பியும் வந்தது, எங்கள் பிள்ளைகளும் பழையபடி வளையத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மிகச் சரியான விடையை எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.