ஆத்தாவின் அறையில் ஒரு விருந்தாளி

கரவனெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தபோது, எனக்குப் பெண் கொடுக்க நினைத்த ஒரு கடை முதலாளிக்காக என் தாயின் அறையைக் காலி செய்தேன். இதை எழுத இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது. முன்பே எழுதியிருந்தால் என்னை நல்லவனாகக் காட்ட ஏதாவது சேர்த்திருப்பேன்.

அப்பா சில்லறைக் கங்காணி, ஒரு சிறு வேலைக்கூட்டத்துக்கு மேஸ்திரி. நான் மிஷன் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். ஆத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பால்வாளி சுமந்து என்னைப் படிக்கவைத்தாள். எனக்கு உத்தியோகமும் வீடும் கிடைத்ததும், தொழிலாளர் லயத்தில் இருந்த ஒற்றையறைக் காம்பராவை விட்டு என்னோடு வந்தாள். ஒரு கோழியும் கூட வந்தது. கட்டிலுக்கு அடியில் கோழி அடைகாக்கும். ஆத்தா கட்டிலில் ஏறாமல் தரையில் பாய் விரித்து அதற்குத் துணையாகப் படுப்பாள்.

முதலாளிக்கு நிவித்திகலயில் கடை. மகள் வாழப்போகும் வீட்டில் ஓர் இரவு தங்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். தாயார் இந்தியாவில், ஊரில், சுகமில்லாமல் கிடக்கிறார் என்று நான் கல்யாணத் தரகரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். பால்வாளி தூக்கியவளைக் காட்டினால் பெண் தரமாட்டார் என்று நினைத்தேன். கேட்டுப் பார்க்கவில்லை. நினைத்ததோடு சரி.

தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் சாமான் கணக்கெடுக்கப் போனபோது அங்கே விருந்தினர் அறையைப் பார்த்திருந்தேன். ஆத்தாவின் அறையை அப்படியே ஆக்கத் துணிந்தேன். சுவருக்கு வெள்ளை, ஜன்னலுக்குத் திரை, கட்டிலுக்குக் கொசுவலை, முகம் கழுவப் பீங்கான் ஜாடி, வாசனைச் சோப்பு, மடித்த துவாலை, துவாலையின் மேல் ஒரு செவ்வரத்தம்பூ. மழையில் வருகிறவர் காலில் அட்டை ஏறியிருக்கும் என்று வாசற்படியில் உப்பும் எலுமிச்சம்பழமும் வைத்தேன். பின்பக்கச் சாய்ப்பைக் குளியலறையாக்கி, அதில் ஒரு கமோடும் வைத்தேன்.

கமோடு என்றால் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி, அடியில் வாளி. தோட்டத்துத் தச்சர் ரப்பர்ப் பெட்டிப் பலகையில் செய்தார். ஓட்டைக்கு அளவு கேட்டார். துரையிடம் போய் அளவு கேட்க முடியுமா? என்னையே பலகையில் உட்காரவைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார்.

எல்லாம் முடிந்தபிறகுதான், வாளி தானாக நடந்துபோய்க் கொட்டிக்கொள்ளாது என்பது நினைவுக்கு வந்தது. துரை பங்களாவில் அந்த வேலை செய்யும் வாசல்கூட்டியைக் கூப்பிட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"தொரை வாளி தூக்குனா செக்ரோல்ல பேரு விழுதுங்க. ஐயா வாளிக்கு எந்தக் கணக்குல பேரு போடுவீங்க?"

தோட்டத்தில் கூலிக்காக அன்றன்றைய வேலையைப் பதியும் செக்ரோலை எழுதுகிறவனே நான்தான்.

அடுப்படியில் இருந்து ஆத்தா சிரித்தாள். "அவன ஏன்டா கெஞ்சுற? நான் தூக்குறேன். ஒன்னோடத எத்தன வருசம் அள்ளுனேன், செக்ரோலா கேட்டேன்?"

"அன்னைக்கு நீ இங்க இருக்க வேணாம் ஆத்தா."

"இந்தியாவுல கெடக்குறவ இங்க எப்படிடா இருப்பா? வேலைக்காரக் கெழவி வருவா. சமைச்சு வச்சிட்டு லயத்துக்குப் போயி, விடிய வந்து வாளிய எடுத்துருவா. கோழிய என்ன சொல்லி வச்சிருக்க? அதுவும் ஊருக்குப் போயிருச்சா?"

தரகரிடம் நான் சொன்னது அவள் காதுவரை வந்திருந்தது. அந்த இடத்தில் காலில் விழுந்திருக்க வேண்டும். "கோழியையும் கூட்டிட்டுப் போயிரு" என்றேன்.

முதலாளி வந்தார். சோப்பை முகர்ந்தார், கொசுவலையை இழுத்துப் பார்த்தார், கடைத்தெருச் சிங்களப் பழக்கத்தில் "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று பாராட்டினார். கருவாட்டுக் குழம்பை மூன்றாம் முறை வாங்கிக்கொண்டு, "சமையல் யாரு தம்பி?" என்று கேட்டார்.

"லயத்துல இருந்து ஒரு கெழவி வருதுங்க மொதலாளி."

கதவுக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் கொஞ்சம் நின்று, மறுபடி கேட்டது.

காலையில் அவர் செம்பை எடுத்துக்கொண்டு ரப்பர் காட்டுப் பக்கம் கிளம்பினார். மறித்துக் கமோட்டைக் காட்டினேன். அதைச் சுற்றி வந்து பார்த்தார். கதவு சாத்திக்கொண்டது. பலகை கிறீச்சிட்ட விதத்தில், அவர் உட்காரவில்லை, மேலே ஏறிக் குந்தியிருக்கிறார் என்று தெரிந்தது. இடையிடையே "முருகா" என்று கேட்டது. பலகை தாங்கியது, முருகனும் தச்சரும் செய்த தயவு.

பின்கதவு வழியாக ஆத்தா வாளியோடு போனாள். கொட்டிக் கழுவிவிட்டுத் திரும்பியவளை முதலாளி முற்றத்தில் பார்த்தார். மனம் நிறைந்திருந்தது போலும். மடியில் இருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்து, "இந்தா கெழவி, நல்லா சமைச்ச" என்று நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

முறைப்படி பெண்வீட்டார் கொடுக்கும் வெற்றிலையை மாப்பிள்ளையின் தாய் வாங்கினால்தான் சம்பந்தம் உறுதி. அவர் போனதும் ஆத்தா அதை மென்றபடி சொன்னாள்: "சம்பந்தி கையால வெத்தல வாங்கியாச்சு. பரிசம் முடிஞ்சிருச்சுடா. அந்தாளுக்குத்தான் தெரியாது."

கல்யாணம் நிவித்திகலயில் நடந்தது. என் தாய் இந்தியாவிலேயே, அதாவது லயத்துக் காம்பராவில் கோழியோடு, இருந்தாள்.

மனைவியிடம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆத்தா வெளுத்த சேலை கட்டி, முன்வாசலில் வந்து உப்பும் எலுமிச்சம்பழமும் கேட்டாள்.

"யாருங்க நீங்க?" என்றாள் மனைவி.

"ஒன் மாமியாடி. கப்பல்ல வாறேன். ஒங்கப்பன் படுத்த ரூமு எங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஆத்தா கட்டிலில் ஏறிக் கொசுவலைக்குள் படுத்தாள். புதுச்சோப்பைப் பாதியாகத் தேய்த்துக் குளித்தாள். கமோட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து எழுந்து வந்து, "தொரை, வாளிய எடுங்க" என்றாள்.

எடுத்தேன். பட்டப்பகலில், மனைவி பார்த்துக்கொண்டிருக்க, முற்றம் தாண்டித் தூக்கிப் போனேன். வழியில் வாசல்கூட்டி நின்றான். "ஐயா பேரு செக்ரோல்ல ஏறிருச்சுங்களா?" என்றான்.

மாலையில் மனைவி ஆத்தாவின் கையைப் பிடித்து, "இங்கயே இருங்க அத்தை" என்று அழுதாள். நானும் சொன்னேன்.

"கோழி தேடும்" என்று சொல்லிவிட்டு ஆத்தா லயத்துக்கு இறங்கிப் போனாள். அதன்பிறகு பகலில் வருவாள், சாப்பிடுவாள், என்னைக் கேலி செய்வாள். பொழுது சாயுமுன் போய்விடுவாள். கடைசிவரை காம்பராவில்தான் படுத்தாள். அந்த அறையில் எத்தனையோ விருந்தாளிகள் தூங்கினார்கள். எல்லாரும் கொசுவலையைப் புகழ்ந்தார்கள்.