வயிறில்லாத பதினொரு பேர்

அந்த ஓட்டலில் அவளுக்கு மூக்கு மேடம் என்று பேர். போர்வை மடிக்கிற பெண்ணாக வேலைக்குப் போனவள். இருபத்திரண்டு வருஷத்தில் நாலு மாடி அறைகளுக்கும் மேற்பார்வையாளராகிவிட்டாள். அறைக்குள் நுழைந்ததும் சுற்றிப் பார்க்க மாட்டாள். கண்ணை மூடி மூச்சை இழுப்பாள். தலையணை உறை நேற்றையதா, கட்டிலுக்கடியில் ஈரத்துண்டு கிடக்கிறதா, தண்ணீர் கிளாஸில் சோப்பு தங்கியிருக்கிறதா, எல்லாவற்றையும் மூக்கே சொல்லிவிடும். "மூக்கு வருதுடி" என்று தாழ்வாரத்தில் ஒரு குரல் கிசுகிசுத்தால், ஆறு பெண்கள் நிமிர்ந்து நிற்பார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் வீட்டுக்குள் நாற்றம் வளர்க்கிறவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கூடத்தில் சின்னக் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்திருந்தார். அதில் பதினொரு குட்டைக் கடல்குதிரைகள். வளர்ந்து முடிந்ததே ஒரு அங்குலம்தான். வாலைப் பாசியில் சுற்றிக்கொண்டு, கடன்காரனைப் பார்ப்பதுபோல முறைத்தபடி நாளெல்லாம் நிற்கும். அவற்றோடு அவளுக்கு ஒரு வழக்கும் இல்லை. வழக்கெல்லாம் அவற்றின் சாப்பாட்டோடுதான். செத்த தீனியை ஏறெடுத்தும் பார்க்காது. அன்றைக்குப் பொரிந்து, உயிரோடு துள்ளுகிற உப்பு இறால் குஞ்சுதான் வேண்டும். அந்த ஜந்துவுக்கு வயிறு என்று ஒரு உறுப்பே கிடையாதாம். தின்றது நிற்காமல் பின்னால் போய்விடும், உடனே மறுபடி பசிக்கும்.

"வயிறே இல்லாததுக்கு மூணு வேளை விருந்து. வயிறு இருக்கிறவ நான், அடுப்படியில மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்பாள்.

அடுப்படி ஜன்னலில் மூன்று சோடா பாட்டில்கள், அடியை வெட்டி, தலைகீழாகத் தொங்கின. உள்ளே உப்புத் தண்ணீர், காபித்தூள் மாதிரி இறால் முட்டை, கொப்பளிக்கும் காற்றுக் குழாய். சேற்றில் ஊறிய செருப்பை முட்டையோடு சேர்த்து வேகவைத்தால் என்ன வாசனை வருமோ, அதுதான் அடுப்படி வாசனை. குஞ்சுகளை வடிகட்ட அவர் எடுத்துக்கொண்டது அவள் ஓட்டலிலிருந்து கழித்துக் கொண்டுவந்த வெள்ளை நாப்கின். அதைக் கண்ட அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷம் ஒரு பாட்டிலை, கெட்டுப்போனது என்று நினைத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டாள். தீனியில்லாமல் நாலு குதிரை செத்தது. அவர் திட்டவில்லை. அவள் தம்பி வீட்டுக்கு வந்திருந்தபோது மட்டும், "பாத்து இருப்பா, நான் கொலைகாரியோட குடித்தனம் பண்றேன்" என்று சிரித்தார். தம்பியும் சிரித்தான். அவளுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் தொண்டையில் முள்.

இந்த வருஷம் அவருக்குப் பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரியில் பத்து நாள் என்றார்கள். அறுவைக்குத் தள்ளிக்கொண்டு போகிற வண்டியில் படுத்தபடி பாடம் நடத்தினார்.

"காத்தை நிறுத்திட்டுப் பத்து நிமிஷம் விடு. முட்டை ஓடு மேல மிதக்கும், குஞ்சு கீழ இறங்கும். கீழ இருந்து எடு. ஓடு உள்ள போச்சுன்னா அதுங்களுக்கு அடைச்சுக்கும். நல்ல உப்புத் தண்ணியில அலசிப் போடு. கொஞ்சமா போடு, மிச்சம் கிடந்தா அழுகும். அப்புறம், அந்த ஆம்பளைக் குதிரைக்கு வயிறு உப்பியிருக்கு, இன்னைக்கோ நாளைக்கோ குட்டி போட்டுடும்."

"வயிறே இல்லைன்னீங்க?"

"அது குட்டி சுமக்கிற பைடீ!"

வண்டி உள்ளே போய்விட்டது. இந்தத் தடவை ஒன்றுகூடச் சாகக் கூடாது என்று அவள் அங்கேயே தீர்மானித்தாள். பாசமெல்லாம் இல்லை. கொலைகாரி என்ற பேரை ஆயுசுக்கும் சுமக்க முடியாது, அவ்வளவுதான்.

அன்றைய வேளைகள் ஏற்கெனவே பொரிந்திருந்ததில் ஓடின. சாயங்காலம் காலிப் பாட்டில்களைப் பார்த்தாள். உள்பக்கமெல்லாம் பழுப்பு வழுவழுப்பு. விரலை வைத்தால் சளி மாதிரி இழுத்தது. இதில் வளர்ந்ததைத் தின்று எந்த ஜீவன் பிழைக்கும்? ஓட்டலின் எலுமிச்சை சோப்புத் திரவத்தையும் வெந்நீரையும் ஊற்றி, பிரஷ்ஷை விட்டு, பளிங்காக்கினாள். வந்த வேகத்தில் பால்கனியில் மூடி வைத்திருந்த பச்சைத் தண்ணீர் வாளியையும் தூக்கி, கீழே குப்பைக் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தாள். புது முட்டை போட்டாள். வீடு முதல் தடவையாக வீடு மாதிரி மணந்தது.

மறுநாள் ஒன்றும் பொரியவில்லை. மூன்றாம் நாள் காலையிலும் இல்லை. முட்டைத்தூள் அடியில் கட்டியாகக் கிடந்து, பழைய நாற்றத்தைவிடக் கேவலமாக நாறியது.

மீன் கடைக்கு ஓடினாள். கடைக்காரன் ஒரு தொட்டியில் மிதந்த செத்த மீனை விரலால் எடுத்து, காலடியில் போட்டு, கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு, அதே கையால் டப்பாவை நீட்டினான்.

"இதைப் போடுங்க மேடம். எல்லா மீனும் தின்னும்."

"இது குதிரைங்க."

"குதிரையும் தின்னும்."

தின்னவில்லை. தீனி கண்ணெதிரே இறங்கி, தரையில் படுத்து, மதியத்துக்குள் பஞ்சு பூத்தது. குதிரைகளின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒன்று பாசியை விட்டுவிட்டு அடியில் பக்கவாட்டாகக் கிடந்தது. கரண்டியால் தொட்டாள். அசையவில்லை.

பாட்டிலைக் கழற்றி வாய்க்குள் மூக்கை விட்டாள். அடிநாற்றத்துக்கு மேலே, மெலிசாக, எலுமிச்சை.

ஓட்டலில் எத்தனை பெண்களை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறாள்! "வாசனை வந்தா சோப்பு போகலைன்னு அர்த்தம். குடிக்கிறவன் வயித்துக்குப் போகும்." அந்தப் பெண்களில் ஒருத்தி இப்போது பக்கத்தில் நின்றிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். நாற்றத்தைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அதிகம் குமட்டியது.

புருஷனுக்குப் போன் போட்டாள்.

"முட்டை பொரியலைங்க. வேற ஏதாவது வழி இருக்கா?"

"பொரியலையா? எப்படி?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சரி, பால்கனியில பச்சை வாளி இருக்குல்ல? அதுல பெரிய இறாலுங்க விட்டிருக்கேன், குஞ்சு போட்டிருக்கும். ஓரமா டார்ச் அடி, பொடிசெல்லாம் வெளிச்சத்துக்கு வரும். மெல்லிசு குழாயை வாயில வெச்சு இழுத்து எடு."

"வாயிலயா?"

"நான் அப்படித்தான் எடுப்பேன்."

"இந்த வாயோடவா இத்தனை நாள் எங்கிட்டப் பேசிக்கிட்டிருந்தீங்க?"

வாளி எங்கே இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. படிக்கட்டில் செருப்புகூடப் போடாமல் இறங்கினாள். குப்பை வண்டி தெருமுனையில் உறுமிக்கொண்டிருந்தது. வாளிமேல் யாரோ குழந்தைத் துணி மூட்டையும் மீன் செதிலும் கொட்டியிருந்தார்கள். வெறுங்கையால் வழித்துத் தள்ளினாள். வண்டிக்காரர் வந்து நின்று பார்த்தார்.

"குப்பைதானேம்மா, குடுங்க."

"இது சாப்பாடுங்க" என்றாள்.

அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு அவளை ஒரு தடவை. அடுத்த மூட்டையைத் தூக்கப் போனார்.

அடுப்படியில் திரையை இழுத்துவிட்டு டார்ச் அடித்தாள். பாதி இறால் செத்து அடியில் கூழாகிக் கிடந்தது. வெளிச்சத்தில் மட்டும் ஆரஞ்சுத் தூசி போல ஒரு கூட்டம் துடித்தது. குழாயை வாயில் வைத்து இழுத்தாள். அவசரத்தில் ஒரு வாய் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. உப்பு, பாசி, பிணம். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஓங்கரித்தாள். கண்ணில் தண்ணீரோடு மறுபடி இழுத்தாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது. நாப்கினில் வடித்து, பெரியவற்றை ஒதுக்கி, அலசி, குதிரைத் தொட்டியில் போட்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு குதிரை கழுத்தைச் சாய்த்து, மூக்குக்கெதிரே வந்த தூசியை ஒற்றைக்கண்ணால் ஆராய்ந்து, சடக்கென்று உறிஞ்சியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சிறிது நேரத்தில் பின்னால் நூலாக விட ஆரம்பித்தன. அந்தக் கழிவைப் பார்த்து அவளுக்குக் குமட்டலும் வந்தது, நிம்மதியும் வந்தது.

அதற்குப்பின் பாட்டிலுக்குச் சோப்பே காட்டவில்லை. வெறும் தண்ணீரில் அலசி, நாற்றத்தோடேயே தொங்கவிட்டாள்.

பத்தாம் நாள் அவர் வந்தார். வாசலில் நின்றதும் மூச்சை இழுத்து, "ஆஹா, வீடு வீடு மாதிரி நாறுது" என்றார். தொட்டிக்கு முன் குனிந்தார். பாசிக்குள் துணுக்குத் துணுக்காகப் புதுக் குட்டிகள் நின்றன. பிறகு பெரியவற்றை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

அவள் ஜன்னலோரத்திலிருந்து சோப்பு டப்பா ஒன்றைக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே உலர்ந்த குதிரை ஒன்று.

"சோப்பு போட்டுக் கழுவினேன். வாளியைக் குப்பையில போட்டேன். இது செத்துது. பத்து இருக்கு. தம்பிகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீங்க சொல்ல வேணாம்."

அவர் டப்பாவை வாங்கிப் பார்த்தார். "வாளியைக் குப்பையில போட்டா, இதுங்க எதைத் தின்னுச்சு?"

"போய் எடுத்துட்டு வந்தேன்."

"குழாய்?"

"வாயில வெச்சுதான்."

அவர் சிரிக்க வாயைத் திறந்து, தையல் இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் சிரிக்கவில்லை. மத்தியான வேளைக்கு நேரமாகிவிட்டது. மூக்கைச் சுளித்துக்கொண்டு, பாட்டிலின் காற்றை நிறுத்தப் போனாள்.