இரண்டு விரல் ஓட்டை

என் மகளின் வலது கையில் ஒரு கீறல்கூட இல்லை. அது எனக்குத் தெரியும். இருந்தும் அவள் சாப்பிடும்போது, எழுதும்போது அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தேன்கனிக்கோட்டை சாலையில் ஊருக்கு வெளியே எங்கள் வீடு. பின்னால் ராகிக் கொல்லை, அதற்கப்புறம் புதர்தான். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஆசைப்பட்டாள் என்று நாட்டுக்கோழி வாங்கினோம். முதல் ஈட்டுக் குஞ்சுகள் அத்தனையையும் கீரி கொண்டுபோய்விட்டது. பட்டப்பகலில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

தொழிற்சாலைகளில் இரும்புத் தகட்டிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டியெடுத்தபின் மிஞ்சும் ஓட்டைத் தகடு பழைய இரும்புக் கடைக்கு வரும். எங்கள் பக்கம் பல வீடுகளுக்கு வேலியே அதுதான். அதில் நாலு பக்கமும் அடைத்துக் கூடு கட்டி, முட்டையிட ஒரு கூடையைப் பின்பக்கத் தகட்டை ஒட்டி வைத்தேன். ஓட்டையில் இரண்டு விரல் நுழையும், கீரியின் தலை நுழையாது. தரப் பரிசோதனையில் வேலை பார்ப்பவன் நான். அளந்து பார்த்துத்தான் வாங்கினேன்.

அன்று காலை கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். மகள் பின்பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, கதவத் தொறந்து உட்டும் கோழி முட்டை வெக்க உள்ள போவ மாட்டேங்குது."

"கூடையில முட்டை ரொம்பிப் போயிருக்கும். கையை உட்டு எடுத்துட்டு வா."

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, முட்டை மெத்துன்னு இருக்குது."

போய்க் குனிந்து பார்த்தேன். நல்ல பாம்பு. முட்டைகளை விழுங்கிவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்திருக்கிறது. தலையும் பாதி உடம்பும் பின்பக்கத் தகட்டின் ஓட்டை வழியாக வெளியே இருந்தன. முட்டை போன இடம் புடைத்து இந்தப் பக்கம், கூடைக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. அவள் தொட்டது அந்தப் புடைப்பை. தலை உள்ளே இருந்திருந்தால் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

தீயணைப்புக்காரர்கள் வந்து தகட்டை வெட்டிப் பாம்பை எடுத்துப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேடிக்கை பார்த்துவிட்டு, "நல்லா கட்னீங்க சார். சோத்தையும் போட்டு, வெளிய போவாம பூட்டியும் வெச்சிட்டீங்களே," என்று சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மனைவி ஷிப்ட் முடிந்து சாயங்காலம் வந்தாள். கேட்டதும் மகளைத்தான் பிடித்தாள். "கண்ணு எங்கடி இருந்துச்சி? உள்ள என்னா இருக்குதுன்னு பாக்காம கையை உடுவியா?"

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு, "தப்புதாம்மா," என்றாள்.

நான் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மகள் தட்டுகளைக் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன். "அம்மாகிட்ட நான் சொல்லிடறேன்."

"வேணாம்ப்பா. உன்னையும் திட்டும்."

மூன்று வாரம் ஆகிறது. இன்னும் சொல்லவில்லை.